விசில் ஊத வாய் மேலே இருக்க வேண்டும்

என் ஸ்கூட்டிச் சாவிக்கொத்தில் ஒரு ஆரஞ்சு நிற விசில் தொங்குகிறது. பெட்ரோல் பங்கில் சாவியை நீட்டும்போது, "என்னக்கா, போலீசா?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அது ஒரு லைஃப் ஜாக்கெட்டில் இருந்த விசில். கப்பல் கவிழ்ந்து, இருட்டில், நடுக்கடலில் தன்னந்தனியாக மிதக்கிறவன், காப்பாற்ற வருகிறவர்களுக்குத் தான் இருக்கும் இடத்தைக் காட்ட ஊதுவதற்காக வைத்தது. இதில் கட்டியிருந்த கயிறு பாதியில் அறுந்தது. என் முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த முடிச்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் செக்கிங் அக்காவின் ஞாபகம் வரும். கூடவே, இத்தனை வருடம் கழித்தும் வயிறு எரியும்.

விராலிமலையைத் தாண்டி, மதுரை போகிற நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஷெட். அதில்தான் லைஃப் ஜாக்கெட் தைத்தோம். எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறதுதான், மணமேல்குடிப் பக்கம். ஆனால் எங்கள் ஷெட்டில் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. வானம் பார்த்த பூமியில் நிலக்கடலை பறித்துக்கொண்டிருந்தவர்கள், கம்பெனி வேனில் ஏறி வந்து, எந்த நாட்டுக்காரனோ போட்டுக்கொள்ளப்போகிற உயிர்க்கவசத்துக்கு நாடா வைத்துத் தைத்தார்கள். என் வேலை விசில் கட்டுவது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லா நாடுகளும் சேர்ந்து கப்பல்களுக்காக எழுதிய பாதுகாப்பு விதிகளில், ஜாக்கெட்டுக்கு உள்ளதை மட்டும் யாரோ தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் பெரிய பயணிகள் கப்பல் ஒன்று மூழ்கி ஏராளமான பேர் செத்த பிறகுதான் உலகத்துக்கே புத்தி வந்து இதையெல்லாம் எழுதினார்களாம். மயங்கிக் குப்புறக் கிடக்கிறவனைக்கூட ஜாக்கெட் தானாகப் புரட்டி முகத்தை மேலே கொண்டுவர வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறினாலும் மிதப்பு பெரிதாகக் குறையக் கூடாது. விசில் கழன்று போகாதபடி கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும். மேனேஜருக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். தெரியாமல் நடந்த தப்பு என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

தைத்து முடித்த ஜாக்கெட்டைப் பார்த்து முத்திரை குத்தி அனுப்புவது செக்கிங் அக்காவின் வேலை. குடுமியான்மலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். வாய் என்றால் அப்படி ஒரு வாய். நூல் தொங்கினால் ஜாக்கெட் பறந்து வந்து நம் மடியில் விழும், பின்னாலேயே திட்டும் வரும். "கல்யாண வீட்டுக்குத் தோரணமாடி தைக்கிற?" என்பார். அதே அக்காதான் மதியம் தன் டிபன்பாக்ஸைத் திறந்ததும், "கருவாடு இருக்கு, யாருக்கு வேணும்?" என்று முதலில் எங்களுக்கு வைப்பார். அவர் வீட்டுக்காரர் வளைகுடாப் பக்கம் ஒரு சரக்குக் கப்பலில் டெக் வேலை பார்த்தார். கல்யாணமான மறு மாதம் போனவர், வருடத்துக்கு ஒரு முறை வருவார். எங்களுக்கெல்லாம் ஜாக்கெட் ஒரு தையல் சாமான். அக்காவுக்கு மட்டும் ஒவ்வொரு ஜாக்கெட்டும் அவர் போட்டுக்கொள்ளப்போகிற ஜாக்கெட். ஒரு நாள் நான் விசில் கயிற்றை ஏனோதானோவென்று சுற்றி விட்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, கத்தாமல், மெதுவாகத்தான் கேட்டார். "விசில் எதுக்குடி கட்டுறோம்? ஊதத்தானே? ஊதணும்னா மொதல்ல வாய் தண்ணிக்கு மேல இருக்கணும்ல? அதுக்குத்தான்டி மத்த எல்லாம். கடைசியில நீ கட்டுறதுதான் அவன் கையில இருக்கும்." அதற்குப் பிறகு நான் எதற்கும் ஒற்றை முடிச்சுப் போட்டதில்லை.

ஆய்வுக்கு அவ்வப்போது ஆள் வருவார்கள். அவர்கள் வரும் நாளில் பின்பக்கத்துச் சிமென்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஜாக்கெட்டுகளை முக்கி, எடைக்கல் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் பாஸ். பாஸ் ஆகாமல் என்ன செய்யும்? அதற்கென்றே, மிதக்க வைக்கிற ஃபோமை நல்லதாக உள்ளே வைத்துத் தனியாகத் தைத்தவை அவை. அவர்கள் காபி குடித்துவிட்டுக் காரில் ஏறியதும் தொட்டி காய்ந்துவிடும். அந்த வருடம், சான்றிதழ் கைக்கு வந்த கையோடு, புது ஃபோம் வந்து இறங்கியது. கனமான பாளம் பாளமாக வந்தது போய், டிவி வாங்கினால் சுற்றிக் கொடுப்பார்களே, அது மாதிரி சுருள் சுருளாக வந்தது. அக்கா விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். அழுத்திய குழி அப்படியே நின்றது. நேரே மேனேஜரிடம் போனார். "ஏம்மா, ஃபோம்னா ஃபோம்தான். அதுல என்ன நல்லது கெட்டது?" என்றார் அவர். தொட்டியில் போட்டுப் பார்க்கலாம் என்றால், ஆய்வுக்கு ஆள் வந்தால்தான் தொட்டி நிரப்புவோம் என்றார். துறைமுகத்துக்குப் போகும் லாரி மறுநாள் சாயங்காலம் வரவிருந்தது.

ஷெட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரிய கிணறு. ஐப்பசி மழைக்குப் பாதிப் படி வரை தண்ணீர் ஏறிக் கிடந்தது. அங்கே வேப்பமரத்தடியில்தான் நாங்கள் சாப்பிடுவோம். அன்று மதியம் அக்கா சாப்பாட்டை எடுக்கவில்லை. பழைய ஃபோமில் ஒரு ஜாக்கெட், புதியதில் ஒன்று, இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பழையதை மாட்டிக்கொண்டு படியிலிருந்து குதித்தார். அந்தப் பக்கத்துப் பெண்கள் சின்ன வயதிலேயே கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். நாங்கள் யாரும் பயப்படவில்லை. உடம்பைத் தளரவிட்டுக் குப்புறக் கவிழ்ந்தார். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பியது போல ஜாக்கெட் அவரைப் புரட்டி, முகத்தை வானம் பார்க்க வைத்தது. நாங்கள் கைதட்டினோம். மேலே வந்து புதியதை மாட்டிக்கொண்டு மறுபடியும் குதித்தார். மறுபடியும் குப்புறக் கவிழ்ந்தார்.

இந்த முறை எதுவும் புரட்டவில்லை. முதுகு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. தலைமுடி அவிழ்ந்து தண்ணீரில் விரிந்தது. நான் கட்டிய விசில் அவர் காதோரத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தோம். அப்புறம் "அக்கா, போதுக்கா" என்றோம். அவர் அசையவில்லை. வேண்டுமென்றேதான் அப்படிக் கிடந்தார், அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் கடைசிப் படிக்கு ஓடி, கைக்கு எட்டிய விசில் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கயிறு பொட்டென்று அறுந்து விசிலோடு என் கையில் வந்துவிட்டது. அந்தக் கயிற்றிலும் காசு மிச்சம் பிடித்திருந்தார்கள் பாவிகள். அதற்குள் அக்கா தானாகவே தலையைத் தூக்கி, மூச்சை இழுத்து, முதல் வேலையாக முதலாளியை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அப்போதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஓடியாங்க, ஓடியாங்க! பொம்பள கெணத்துல விழுந்துருச்சு!" என்று சத்தம் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்ததை அவர் அப்படித்தான் புரிந்துகொள்வார்.

இரண்டு ஜாக்கெட்டையும் கயிற்றில் கட்டி அக்கா கிணற்றிலேயே ஊற விட்டார். மறுநாள் காலையில் பழையது மேலே மிதந்தது. புதியது கயிற்றின் நுனியில், தண்ணீருக்குள், ஊறின துணி மாதிரி தொங்கியது. சொட்டச் சொட்ட இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்தார். முதலாளியே வந்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. சின்னப் பிள்ளைக்கு விளக்குவது மாதிரி பொறுமையாகச் சொன்னார். "எம்மா, கப்பல் என்ன தெனமுமா முங்குது? இது பெஞ்சுக்கு அடியில கெடக்குற சாமான். ஆய்வுக்கு வர்றவன் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாப்பான். எண்ணிக்கையும் முத்திரையும் சரியா இருந்தா முடிஞ்சுது. யாரு போட்டுக்கிட்டுக் கடல்ல குதிக்கப் போறா?"

"அப்ப ஒங்க மகனுக்கு இதுல ஒண்ண மாட்டி, அந்தக் கெணத்துல எறக்குவமா மொதலாளி?" என்று அக்கா கேட்டார்.

ஷெட்டில் தையல் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஈர ஜாக்கெட்டுகளை மேனேஜர் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். சாயங்காலம் லாரி வந்தது, பண்டல்களை ஏற்றியது, போய்விட்டது. அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு விட்டிருந்தால்கூட மனது ஒரு வழியாக ஆறியிருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண் கிணற்றில் குதித்தாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரியவர் போட்ட சத்தம் ஏற்கெனவே டீக்கடை வரை போயிருந்தது. முதலாளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். புருஷன் கப்பலில், தனிமை, ஏதோ குடும்பக் கஷ்டம், பாவம், மனம் உடைந்து கிணற்றில் குதித்துவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது. அதற்கு மேலே ஒன்று சேர்த்தார்கள் பாருங்கள், கேட்டபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன்: "நல்லவேளை, கம்பெனி ஜாக்கெட்டப் போட்டிருந்துச்சு. அதுதான் காப்பாத்திருச்சு!"

சாகப்போகிறவள் யாராவது லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பாளா? இந்தக் கேள்வியை ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்கள் வேனில் வந்த பெண்கள் அவரவர் நிறுத்தத்தில் இறங்கி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னோம். "சரி சரி, ஒங்க அக்காவ விட்டுக் குடுப்பீகளா?" என்று சிரித்தார்கள். சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்கும் நான் போன் போட்டேன். அங்கே எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மாதிரி பாஸ் ஆகியிருக்குங்களே மேடம்" என்றார். மாதிரியை மட்டும் நல்லதாகத் தைத்தார்கள் என்று சொன்னேன். அப்படியானால் பாஸ் ஆகாத ஜாக்கெட் ஒன்றை அனுப்புங்கள் என்றார். பூட்டிய அறைக்குள் இருப்பதையும், லாரியில் போனதையும் நான் எங்கே போய்ப் பிடிப்பது? கடலில் பிளாஸ்டிக் குப்பை போடக் கூடாது என்றும் சர்வதேச விதி ஒன்று இருப்பதாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்படிப் பார்த்தால் அந்த லாரிச் சரக்கு முழுவதும் அந்த விதிக்குள்தான் வரும். அதை மனிதன் உடம்பில் மாட்டி அனுப்பினால் மட்டும் குப்பை என்று யாரும் சொல்வதில்லை.

பேச்சு கடல் தாண்டி வீட்டுக்காரர் காதுக்கும் போனது. அவர் போனில் அழுதாராம். "நான் என்ன கொற வச்சேன்? ஏன் இப்புடிப் பண்ணுன?" என்றாராம். அக்கா நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அது கெடக்கட்டும், மொதல்ல ஒங்க ஜாக்கெட்ட எடுத்துத் தண்ணியில முக்கிப் பாருங்க. அப்பறம் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் அவர் கூப்பிட்டார். ஒரு பேரலில் தண்ணீர் பிடித்து, கல்லைக் கட்டி அமுக்கி வைத்துப் பார்த்தாராம். வேறு எங்கோ தைத்த ஜாக்கெட். கல்லை அவிழ்த்ததும் துள்ளிக்கொண்டு மேலே வந்ததாம். "மெதக்குது" என்றார். வேலை போனபோது அழாத அக்கா, ஊர் பேசியபோது அழாத அக்கா, அப்போதுதான் அழுதார். இதை அக்கா என்னிடம் சொன்னபோது நானும் அழுதேன். ஆனால் அதோடு பேச்சு முடியவில்லை. போனை வைப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டாராம்: "சரி... நெசமாச் சொல்லு. நீ ஏன் கெணத்துல குதிச்ச?"

அந்த மாதமே நானும் நின்றுவிட்டேன். இப்போது வீட்டிலேயே மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். ஷெட் இருந்த இடத்தில் பெரிய கட்டடம் வந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தச் சரக்கு எந்தக் கப்பலில், எந்தப் பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறதோ தெரியாது. அவற்றை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கும் தெரியாது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் குடுமியான்மலைப் பக்கம் போனவள், அக்காவைப் பார்க்கப் போனேன். தலை நரைத்திருந்தது, வாய் அப்படியே இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தது. "வாடி, தோட்டத்துல மோட்டாரப் போட்டுட்டு வருவோம்" என்று எழுந்தார். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து அவர் மாமியார் சின்ன மருமகளைக் கூப்பிடுவது கேட்டது. "ஏத்தா, அவ கெணத்துப் பக்கம் போறா, நீயும் கூடப் போ." அக்கா கணவரின் தம்பி மனைவி, கையில் ஒரு வேலையும் இல்லாமல், எங்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்து வந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. "எப்பவும் இப்புடித்தான். தொணைக்கு வாராகளாம்" என்றார்.

கிணற்றடிக்கு வந்ததும் அக்காவின் கண் என் சாவிக்கொத்தில் விழுந்தது. "ஏய், இது அதுதானே? குடு இங்கிட்டு." வாங்கி, சேலைத் தலைப்பில் துடைத்து, வாயில் வைத்து ஊதினார். காட்டில் மேய்ந்த ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. மூச்சு முட்டும் வரை ஊதிவிட்டு, பின்னால் திரும்பிக் கத்தினார்.

"உசுரோடதான் இருக்கேன்! போயி அத்தைகிட்டச் சொல்லு!"

அந்தப் பெண் போகவில்லை. அக்கா மோட்டாரைப் போட்டுவிட்டுக் கிணற்றடியை விட்டு நகரும்வரை அங்கேயே நின்றார்.