எங்கள் பாய்லர் அறையின் பாக்கியநாதன்

எங்கள் மருத்துவமனை இஞ்சினியர் திரு. பாக்கியநாதன் அவர்களுக்கும் எனக்கும் ஆகாது என்று அவருடைய இரங்கல் கூட்டத்தில் சொல்லப்பட்டது. தவறு. நாங்கள் அநேகமாகத் தினமும் சண்டை போட்டோம். அது வேறு விஷயம். ஆகாதவர்களோடு நான் சண்டை போடுவதில்லை, பேச்சையே நிறுத்திவிடுவேன்.

அவர் காலமான செய்தி திங்கட்கிழமை காலையில் வந்தது. சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். பாய்லருக்குக் கரி தள்ளும் முனுசாமி, அழுக்குக் கையோடு வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது என் சட்டம். அன்று வந்தான். "இஞ்சினியர் ஐயா பூட்டாரும்மா. தூக்கத்துலயே," என்றான். நான் அவனைக் கண்டிக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் காலமான பின் இந்த மருத்துவமனையின் சலவைக்கூட மேற்பார்வைக்கு நான் வந்தேன். அடுத்த வருஷம் அவர் வந்தார். அதற்கு முன் கப்பல்களில் இயந்திர அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கிணற்றுப் பம்பு, குழாய்கள், மின்விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக பாய்லர் அவர் பொறுப்பு. அறுவை அறைக் கருவிகளைச் சுத்திகரிக்கவும், கஞ்சி காய்ச்சவும், என் துணிகளை வேகவைக்கவும் அங்கிருந்துதான் நீராவி வரவேண்டும். அடக்கம் அவரிடம் கிடையாது. தம் இஞ்சினியர் சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டமிட்டு பாய்லர் அறையில் மாட்டி, அதற்கு நேர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார்.

முதல் வாரமே என் தொட்டிகளுக்கு ஆவி போதவில்லை. கேட்கப் போனேன். பம்பின் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே வாருங்கள் அம்மா. முடியாதென்றால் வெளியே நின்றே திட்டுங்கள்," என்றார்.

செருகிக்கொண்டு போய்த் திட்டினேன். மறுநாள் அவர் சேற்றுச் செருப்போடு என் கூடத்துக்குள் நுழைந்தபோது, அதே மரியாதையோடு அவரைக் கிணற்றடிக்கு அனுப்பினேன். கழுவிக்கொண்டுதான் வந்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு புரிதல் இருந்தது.

புதிய வார்டின் திறப்பு விழாவைப் பற்றிப் பலவிதமாகப் பேசுகிறார்கள். நடந்தது இதுதான். விழாவுக்காகச் சலவையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஆவியை இழுக்க ஆளில்லாமல் பாய்லரில் அழுத்தம் ஏறியது. ஏறினால் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து மிச்ச ஆவியை வெளியே தள்ளும். அப்போது பெரும் சீறல் கேட்கும். பந்தலில், வார்டைத் திறந்துவைக்க வந்த வெள்ளைக்காரத் துரைசானி பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை அடக்கும்படி அலுவலக மேனேஜர் முனுசாமிக்கு உத்தரவிட்டார். சமையற்கட்டிலிருந்து அம்மிக் குழவி வந்தது. அதை வால்வின் நெம்புகோலில் கட்டித் தொங்கவிட்டார்கள். சீறல் நின்றது. பந்தலில் எல்லோருக்கும் நிம்மதி.

மேல் மாடியில் குழாய் பார்த்துக்கொண்டிருந்த பாக்கியநாதன் அவர்கள் மட்டும் அந்த நிசப்தத்தைக் கேட்டு ஓடிவந்தார். வால்வு திறக்காவிட்டால் பாய்லர் வெடிக்கும்; அடுத்த சுவர் பிரசவ வார்டு. அடுப்பிலிருந்த நெருப்பையெல்லாம் இழுத்துக் கொட்டச் சொல்லிவிட்டு என் கூடத்து வாசலுக்கு வந்தார். முகத்தில் ரத்தமில்லை, குரல் மட்டும் எப்போதும் போல இருந்தது.

"உங்கள் தொட்டிகள் எல்லாவற்றிலும் ஆவியைத் திறந்துவிடுங்கள் அம்மா. இப்போதே. அழுத்தம் இறங்கினால்தான் நான் அந்தக் கல்லைத் தொட முடியும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலைக்காரப் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, குழாய்களை ஒவ்வொன்றாக நானே திறந்தேன். கூடம் முழுக்க வெண்மையாகி என் கையே எனக்குத் தெரியவில்லை. விருந்தினருக்கென்று மடித்து வைத்த மேஜை விரிப்புகள் நனைந்து பாழாயின. சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகை கேட்கிறவரை நல்லது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் அந்த அம்மிக் குழவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "சமையற்காரர் தேடுவார்," என்றார்.

அன்று துரைசானிக்குச் சூடான தேநீர் கிடைக்கவில்லை. அதற்காக இஞ்சினியர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது மருத்துவமனைக் கமிட்டி. அவர் கேட்கவில்லை, சர்ட்டிபிகேட் பெற்ற இஞ்சினியரின் உத்தரவு இல்லாமல் யாரும் பாய்லரைப் பற்றவைக்கவோ தொடவோ கூடாது என்று விதி செய்யச் சொன்னார். அதுவரை அந்த பாய்லரிலிருந்து ஒரு சொட்டு ஆவியும் என் கூடத்துக்கு வேண்டாம் என்று நானும் சொன்னேன். முற்றத்தில் விறகு அடுக்கி, அண்டாவில் துணி வேகவைத்தோம். புகை கமிட்டி அறைக்குள் தாராளமாகப் போயிற்று. விதி கையெழுத்தாயிற்று.

இப்போது, அவருடைய இடத்துக்கு ஆள் வேண்டியதில்லை, அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்று மேனேஜர் இரங்கல் கூட்டத்திலேயே அறிவித்தார். சலவைக்கூடத்து அம்மாளுக்கும் இனி நிம்மதி என்றும் சேர்த்துக்கொண்டார். மறுநாள் பாய்லரைப் பற்றவைக்கச் சொல்லி முனுசாமியிடம் வந்தார். முனுசாமி கதவை விட்டு நகரவில்லை.

"வேணும்னா நீங்களே பத்த வையுங்க நைனா," என்றான். "நான் பீச்சாண்ட போய் நின்னுக்கினு பாக்கிறேன்."

ஆகவே முற்றத்தில் மறுபடியும் விறகு எரிகிறது. நோயாளிகளின் துணிக்கு ஒரு நாளும் குறை வராது. அது என் பொறுப்பு.

அடக்கத்தன்று அவருக்கு அணிவித்த வெள்ளை டிரில் துணிக் கோட்டுக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். கழுத்துப்பட்டைக்குக் கஞ்சி அதிகம் என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புவார். இந்த முறை அவருக்குப் பிடித்த அளவில் போட்டேன். சாந்தோம் கல்லறைத் தோட்டத்தில் கடற்காற்று பலமாக வீசியது. கரி தள்ளுகிறவர்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். கைகளை நன்றாகக் கழுவியிருந்தார்கள். நல்லபடியாகப் போய்வாருங்கள், மிஸ்டர் பாக்கியநாதன்.

கமிட்டியாருக்கு: சர்ட்டிபிகேட் பெற்ற இஞ்சினியரை நியமிப்பீர்களா, அதுவரை அந்த விதி நிற்குமா? வாய்மொழியாக யாரையும் அனுப்ப வேண்டாம். தலைவர் கையொப்பத்துடன் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.