கறிக்குக் கிடைத்த மீனும் வருமான வரியும்

தொழில்நுட்பக் கல்லூரியில் கணக்கியல் படித்து முடித்ததும் வல்வெட்டித்துறைக் கரையோரம் இருந்த ஓர் ஐஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. நெல்லியடியில் பஸ் ஏறினால் கடல் காற்று முகத்தில் அடிக்கும்போது இறங்கவேண்டும். கந்தோரில் நான் மட்டும்தான் பெண். மேசையில் ஒரு மின்விசிறி, ஒரு கூட்டல் இயந்திரம், ஜன்னலுக்கு வெளியே வள்ளங்கள்.

எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும். வந்த மாதமே சம்பளக் கணக்கை நான்கு நிரல்களாகப் பிரித்தேன். முதலாவது அடிப்படைச் சம்பளம். இரண்டாவது படிகள். மூன்றாவது, கம்பனி வேலைக்காகக் கைக்காசைச் செலவழித்தவருக்குத் திருப்பிக் கொடுப்பது. நான்காவது, காசாக இல்லாமல் பொருளாகக் கொடுப்பது. மூன்றாவதைத் தவிர மற்றதெல்லாம் வருமானம். வரிக்குக் காட்ட வேண்டும்.

இதை விளங்கப்படுத்த எனக்கு உதவியவர் எங்கள் மெசின்கார அண்ணை. ஐஸ் இயந்திரத்தைப் பார்ப்பவர், பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல்.

"பிள்ளை, என்ரை சைக்கிள் படிக்கும் வரியோ?"

"ஓம் அண்ணை. மாதாமாதம் எல்லாருக்கும் ஒரே தொகை. ஓடினாலும் வரும், ஓடாட்டாலும் வரும்."

"எனக்குச் சைக்கிளே இல்லையே!"

"அதுதான் அண்ணை, அது சம்பளம்."

அவர் ஐஸ் இயந்திரத்துக்கு ஒரு வாசர் வாங்க யாழ்ப்பாணம் போய் வந்து கொடுத்த பஸ் டிக்கட்டுகளை மூன்றாம் நிரலில் ஏற்றினேன். கூடவே தேத்தண்ணியும் வடையும் எழுதியிருந்தார். அதை வெட்டினேன்.

"வடை இல்லாமல் வாசர் வாங்கேலாது பிள்ளை," என்றார். கந்தோர் முழுக்கச் சிரித்தது. நான் வெட்டியது வெட்டியதுதான்.

அந்த வருடம் வரிக் கந்தோரில் இருந்து ஓர் உத்தியோகத்தர் சம்பளக் கணக்குப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, மினுக்கிய சப்பாத்து, நிதானமான பேச்சு. என் நிரல்களைப் பார்த்துத் தலையாட்டினார். நான்காம் நிரல் வெறுமையாக இருந்ததை மட்டும் இரண்டு தரம் பார்த்தார். பிறகு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கக் கேட்டார். மனேச்சர் பெருமையாக ஐஸ் அறைக் கதவைத் திறந்தார்.

உள்ளே, சுவரோரம் வரிசையாக மீன் தொங்கியது. ஓலை ஈர்க்கில் கோர்த்த விளைமீனும் ஓராவும். ஆளுக்காள் அடையாளம்: ஒன்றில் சிவப்புத் துணி, ஒன்றில் கயிற்று முடிச்சு, ஒன்றில் பழைய டிக்கட்.

"இது ஆருடைய மீன்?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

"எங்கடை, ஐயா," என்றார் மெசின்கார அண்ணை.

"ஒவ்வொரு நாளும் கிடைக்குமோ?"

"கடல் அடிச்சால் இல்லை. மற்றும்படி ஓம்."

உத்தியோகத்தர் என் பட்டியலின் நான்காம் நிரலில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். மனேச்சரின் முகம் வெளிறிவிட்டது. "கம்பனி ஒண்டும் குடுக்கிறதில்லை," என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "உதாலை கம்பனிக்குக் கரைச்சல் வருமெண்டால் நாளையில இருந்து ஒருத்தரும் கரைக்குப் போகக்கூடாது," என்றார்.

அந்த மீன்தான் அங்கே எல்லார் வீட்டிலும் பகல் கறி. ஐஸ் கொண்டுபோகும் எங்கள் ஆட்கள் வள்ளம் இழுக்கக் கைகொடுப்பார்கள். கை வைத்தவனுக்குக் கறிக்கு மீன். அது அந்தக் கரையின் வழமை. ஆனால் வழமைக்குப் பில் இல்லை, கையெழுத்து இல்லை. அதை எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஐயா, ஒரு வள்ளம் இன்னும் வரயில்லை. வந்து பார்த்திட்டு எழுதுங்கோ," என்றேன்.

அவர் வந்தார். மனேச்சர் குடையோடும் எங்கள் ஆட்கள் ஐஸோடும் பின்னால் வந்தார்கள். வள்ளம் கரை தட்டியது. பின்னுக்கு நின்று தள்ளிய சம்மாட்டி, வள்ளத்தின் சொந்தக்காரர், வந்திருப்பது யார் என்று தெரியாமல் சத்தம் போட்டார்.

"வெள்ளைச் சட்டைக்காரர்! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கலியாணத்துக்கோ வந்தனீங்கள்? கை வையுங்கோ!"

உத்தியோகத்தர் ஒரு கணம் தயங்கினார். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். எனக்கும் சும்மா நிற்க மனம் வரவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வள்ளத்துக்கு அடியில் வைக்கும் உருளைக் கட்டை ஒன்றைத் தூக்கி முன்னுக்குப் போட்டேன். "ஏலேலோ" என்று மெசின்கார அண்ணை குரல் கொடுக்க, வள்ளம் மணலில் ஏறியது.

சம்மாட்டி மீனைப் பிரித்தார். எங்கள் ஆட்களுக்கு, அந்த வழியால் வந்து கை வைத்த தபால்காரருக்கு, உத்தியோகத்தருக்கு. மனேச்சருக்கு இல்லை, அவர் குடையைத்தான் பிடித்திருந்தார். உத்தியோகத்தர் சட்டைப் பைக்குள் கை விட்டதும் சம்மாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"காசு தாறதெண்டால் சந்தைக்குப் போங்கோ. இது கை வைச்சதுக்கு."

"நான் உங்களிட்டை வேலை செய்யிறவன் இல்லையே?"

"ஆர் சொன்னது வேலையெண்டு? நாளைக்கு வந்து இழுத்தால் நாளைக்கும் தருவன். வராட்டால் போங்கோ."

உத்தியோகத்தர் சிரித்தார். ஈரக் கையாலேயே என் பட்டியலை வாங்கிக் கேள்விக்குறியை அழித்தார். "கம்பனி குடுக்கயில்லை. கரை குடுக்குது," என்றார். மெசின்கார அண்ணை போட்ட சத்தத்தில் காகங்கள் எழும்பிப் பறந்தன. மனேச்சர் குடையை மடக்கிவிட்டு, நாளைக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

உத்தியோகத்தரின் மீனை ஐஸ் போட்டுச் சாக்கில் கட்டிக் கொடுத்தோம். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"பிள்ளை, மீன் கரையின்ரை. ஐஸ் கம்பனியின்ரை. ஐஸுக்குப் பில் போடுங்கோ."

போட்டேன். சில சதம்தான். எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் நான் புறப்படும்போது மெசின்கார அண்ணை ஐஸ் அறையில் இருந்து ஒரு மீன் கோர்வையைக் கொண்டுவந்தார். அதில் அடையாளமாக, கூட்டல் இயந்திரத்தின் காகித நாடா ஒன்று கட்டியிருந்தது.

"கட்டை போட்ட பிள்ளைக்கெண்டு சம்மாட்டி தந்தவர். உனக்கும் வரியில்லை."

நெல்லியடி வரும்வரை பஸ்ஸில் அது என் சேலையில் சொட்டிக்கொண்டே வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன விலைக்கு வாங்கினது என்று கேட்டார்.

"இழுத்தது," என்றேன்.