கபீருக்குப் பெயர் தெரியாத சத்தம்

"பானெட்டைத் தொடாதீங்க. முதல்ல வாயாலே போட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கபீர் வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு இடது காதை வந்தவர் பக்கம் திருப்புகிறார். வந்தவர் வக்கீலாக இருக்கலாம், மீன் லாரி முதலாளியாக இருக்கலாம். மட்டாஞ்சேரி பஜாரில், சுக்குக் கிடங்குக்கும் அரிசி மண்டிக்கும் நடுவே, பட்டப்பகலில், மூட்டை தூக்குகிறவர்கள் வேடிக்கை பார்க்க, தன் வண்டியின் சத்தத்தை அவர் வாயாலே எழுப்பியாக வேண்டும். அதுவரை ஸ்பேனர் பெட்டி திறக்காது.

கேட்கிற நேரத்தில் கபீரின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வாய் மூடியிருந்தால் காது பாதி அடைந்துபோகும் என்பது அந்த ஐம்பத்தெட்டு வயது மனிதரின் கட்சி. மனைவி சுல்ஃபத்துக்கு இதில் ஒரு சௌகரியம். "நான் பேசறப்ப வாயை மூடிக்கிட்டுத் தலையாட்டினாருன்னா ஒண்ணும் கேக்கலைன்னு அர்த்தம்" என்பாள்.

பழக்கம் வந்த வழி ஒன்று உண்டு. கபீரின் அந்த மெக்கானிக் ஷெட்டை முதலில் போட்டவர் பிச்சை ராவுத்தர். கபீரின் உம்மாவுக்கு நேர் இளைய தம்பி, சுல்ஃபத்துக்கு அத்தா. கடகடவென்று சத்தம் வருகிறது என்று வந்த ஒரு காரின் எஞ்சினை முழுசாக இறக்கிச் சாக்கு விரித்துப் பரப்பிவிட்டார் மனிதர். மூன்றாம் நாள் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சீப்பு கிடைத்தது. பாதிப் பல் போன சீப்பு; சத்தத்தை முதலில் சரியாகக் கேட்டிருந்தால் எஞ்சினைத் தொட்டிருக்கவே வேண்டாம். அன்றைக்குப் பக்கத்தில் நின்றிருந்த கபீர், மருமகனான பிறகும் அந்தச் சீப்பை மாமனாருக்கு நினைவூட்டாத பெருநாள் கிடையாது. பிச்சை ராவுத்தரும் கடைசிவரை, "அது நல்ல சீப்புடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபோனில் பிடித்துக்கொண்டு வருகிற சத்தம் கபீரிடம் செல்லாது. "ஃபோன் எல்லாத்தையும் கேக்கும். மனுசன் தனக்குப் பயமானதை மட்டும்தான் கேப்பான். எனக்கு அது மதி, அது போதும்."

இப்படி வாய் வாயாக வந்து சேர்ந்த சத்தங்களுக்கு, முதலில் கொண்டுவந்தவரின் பெயரையே வைத்துவிடுவார். டைமிங் செயின் தளர்ந்து சலசலத்தால் அது 'தேவரா டாக்டர்', தேவரா பக்கத்திலிருந்து வந்த ஒரு டாக்டர் கொண்டுவந்தது. சைலன்சர் மூட்டில் ஓட்டை விழுந்து 'சஃப் சஃப்' என்று மூச்சு விட்டால் 'மாயம்மாள்'. மாயம்மாள் பள்ளுருத்தியில் பூக்கடை வைத்திருந்தவள். மருமகன் ஓட்டிய டாக்ஸியின் சத்தத்தை, தன் மாமனாரின் இழுப்போடு சேர்த்து அவள் போட்டுக் காட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். டாக்டர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆனாலும் மழைக்காலம் தொடங்கினால், "சேட்டா, உங்க வண்டிக்கு டாக்டர் வந்திருக்கு" என்று கபீர் சொல்வதைக் கேட்டுப் புது ஆட்கள் திகைத்து நிற்பார்கள். பக்கத்துக் கிடங்கில் சுக்குப் புடைக்கும் பொன்மணிக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு. அது அவள் மகனின் மொபெட் தயவு.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, வெளிர்நீல ஃபியட் ஒன்று ஷெட்டு வாசலில் வந்து நின்றது. அறுபத்தாறாம் வருஷத்து வண்டி. பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற வெங்கிடேஸ்வரனுடைய அப்பா வாங்கியது. வெங்கிடேஸ்வரனின் இரண்டு அக்காமாரும் கல்யாணத்துக்குப் போனது அதில்தான். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி பாலக்காட்டிலிருந்து புதுப்பெண்ணாக வந்து இறங்கியதும் அதில்தான். அவர்கள் மகள் ஸ்நேஹாவுக்கு ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளத்தில் முகூர்த்தம். புடவை, நகை எதிலும் வாய் திறக்காத பெண், ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக நின்றாள்: அத்தைமார் போன வண்டியில்தான் நானும் போவேன்.

"கிராங்க் பேரிங் போயாச்சாம் கபீரே" என்றார் வெங்கிடேஸ்வரன், கதவைச் சாத்துவதற்கு முன்பே. "எர்ணாகுளத்திலே பெரிய ஒர்க்‌ஷாப்பிலே காட்டினேன். எஞ்சினை இறக்கணுமாம். இருபது நாளாம். நீ நாலு மணிக்குள்ள ஒண்ணு சொல்லு. இல்லேன்னா வேற வண்டிக்கு ஏற்பாடு பண்ணணும். ஸ்நேஹா கிட்டே யார் சொல்றதுன்னுதான் தெரியலை."

"அது அவங்க சொன்னது சாமி. நீங்க போட்டுக் காட்டுங்க."

வெங்கிடேஸ்வரன் இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "டொக்... டொக்... டொக்" என்றார். உரலில் இடிப்பது போல, கனமாக, அளவெடுத்து.

கபீர் வாயை மூடிக்கொண்டார். அது துறைமுகத்துக் கேசவ் முதலில் கொண்டுவந்த சத்தம், சாட்சாத் பேரிங்தான். ஆனால் எஞ்சினை ஓட்டிவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்தும் படுத்தும் கேட்டார். கேசவ் எங்கேயும் இல்லை. ஃபியட் தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"சாமி, இது நீங்க கேட்டதா, அவங்க பேரிங்னு சொன்ன பொறகு கேட்டதா?"

"எனக்குக் காது நன்னாக் கேக்கும்!"

"கேக்கும் சாமி, யாரு இல்லேன்னா. பேரிங்னு ஒருத்தன் சொல்லிட்டா அப்பறம் மிக்சியிலேயும் பேரிங்தான் கேக்கும்."

வெங்கிடேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கபீருக்கும் விளையாட்டாக இல்லை. உண்மையிலேயே பேரிங் என்றால் மணப்பெண்ணை அதில் ஏற்றக் கூடாது. எர்ணாகுளம் போகிற வழியில் பாலத்து நடுவிலேயே எஞ்சின் இறுகி நின்றுவிடும். பேரிங் இல்லை என்றால், இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். சொன்னது பொய்த்தால் அந்த ஆளின் பெயர்தான் முகூர்த்த நேரத்தில் எல்லார் வாயிலும் அரைபடும்.

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவருக்கு எங்கே தெரியும்? நானாக்கும் முதல்ல கேட்டது."

கபீர் சட்டென்று திரும்பினார். "அப்போ நீங்க போடுங்க மாமி."

ஜெயலக்ஷ்மி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நன்னாருக்கு! ரோட்டிலே உக்காந்துண்டு நான் டப்பு டுப்புன்னு கத்தணுமா? சம்பந்தி வீட்டுக்காரா யாரானும் பார்த்தா என்ன நினைப்பா?"

முறத்தோடு வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள் பொன்மணி. "அட, சும்மா போடுங்கம்மா. நானெல்லாம் போடலையா? எங்க ஆளு மூணு நாளு எங்கூடப் பேசலை, ஆனா மொபெட்டு சரியாயிருச்சு."

மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். ஜெயலக்ஷ்மிக்குக் காது வரை சிவந்துவிட்டது. கணவரைப் பார்த்தாள். வெங்கிடேஸ்வரன் தெருவின் மறுகோடியில் ஏதோ முக்கியமான காரியம் நடக்கிறாற்போல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நான்கு கண்ணாடிகளையும் மேலே ஏற்றச் சொன்னாள். ஏற்றினார்கள். கபீர் கண்ணாடியில் காதை ஒட்டவைத்தார். உள்ளே உதடுகள் அசைவது தெரிந்தது.

"மாமி, பாதிதான் வெளியே வருது. ரெண்டு விரக்கடை இறக்குங்க."

கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது.

"ட்ர்ர்ர்... ட்டட்டட்ட... டப்" என்றாள். "அவ்வளவுதான். அப்புறம் இல்லை."

கபீரின் வாய் திறந்தது, திறந்தபடியே இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்தச் சத்தத்தை யாரும் அவரிடம் கொண்டுவந்ததில்லை. அதற்கு அவரிடம் பெயர் இல்லை.

"இன்னொரு தடவை மாமி."

இந்த முறை அவளே கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள். மூன்றாம் முறை கையை ஆட்டித் தாளமே போட்டாள். "பாலம் இறங்கறச்சே மட்டும். இவர் பிரேக்கைச் சவிட்டறச்சே. ஏறறச்சே கிடையாது. நின்னுண்டிருந்தா கிடையாது. அங்கே ஒர்க்‌ஷாப்பிலே அவா நிறுத்திவச்சுண்டே பார்த்தா. நான் சொன்னா யார் கேக்கறா?"

கபீர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். வெங்கிடேஸ்வரன் அவருக்குப் பக்கத்தில். ஜெயலக்ஷ்மி தன் இடத்தில். தோப்பும்படிப் பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கும்போது கபீர் பிரேக்கில் காலை வைத்தார். "இதோ!" என்று அவர் தோளில் தட்டி, வண்டியோடு சேர்ந்து அவளும் போட்டாள். இரண்டும் ஒரே சத்தம். எது வண்டி, எது மாமி என்று பிரித்துச் சொல்ல முடியாது.

திரும்பி வந்து பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தபோது எல்லாம் தெரிந்தது. மின்விசிறியின் இறகுகளில் ஒன்றின் நுனி மட்டும் வெள்ளிபோலப் பளபளத்தது. ரேடியேட்டர் குழாயின் ரப்பரில் நூல் பிடித்தாற்போல ஒரு வெட்டு. எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் திண்டுகள் உப்புக் காற்றில் உலர்ந்து, விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தன.

"பேரிங் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு சாமி. பிரேக் பிடிச்சா எஞ்சின் முன்னாலே வந்து எட்டிப் பாக்குது. ஃபேன் குழாயை அறுக்குது. மாமி மட்டும் கேக்கலைன்னா, ஞாயித்துக்கிழமை பாலத்து மேலே நீங்க தண்ணியில்லாமப் பொங்கல் வச்சிருப்பீங்க."

"அப்போ வேற வண்டி?"

"எதுக்கு? நான் சொல்றேன், இதுலேயே போகட்டும்."

சொல்லிவிட்டார். பிஸ்கட் டின்னில் செய்தித்தாள் சுற்றி வைத்திருந்த ஒரு ஜோடித் திண்டும் புதுக் குழாயும் அன்று சாயங்காலத்துக்குள் வண்டியில் ஏறின. ஷெட்டைப் பூட்டும்போது, இனி அந்தச் சத்தம் 'ஜெயலக்ஷ்மி' என்று தீர்மானமாகிவிட்டது. சாப்பிடும்போது, "ஜெயலக்ஷ்மி மாதிரி இன்னொண்ணு கிடையாது" என்று கபீர் வாய்விட்டுச் சொன்னது மட்டும்தான் பிசகு. அது யார் என்று சுல்ஃபத்துக்கு விளக்கி முடிப்பதற்குள் மீன் குழம்பு ஆறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை யாரும் கூப்பிடாமலேயே கபீர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். பாலத்தின் அந்தப் பக்க இறக்கத்தில், வாகை மரத்தடியில் போய் நின்றார். எட்டரை மணிக்கு, முல்லைச் சரம் ஆட ஆட, வெளிர்நீல ஃபியட் பாலத்தின் முதுகில் தெரிந்தது. வெங்கிடேஸ்வரன் ஓட்டிக்கொண்டிருந்தார். கபீர் கண்ணை மூடினார், வலது காதை அடைத்தார், வாய் திறந்துகொண்டது. வண்டி இறங்கியது. பிரேக் பிடித்தது. எஞ்சின் சீராக, மெத்தென்று, அவரைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"ட்ர்ர்ர்... ட்டட்டட்ட... டப்!"

கபீருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணைத் திறந்து, வண்டிக்குப் பின்னால் நடுரோடு வரை ஓடிவிட்டார். பின் ஜன்னலில், மயில்கழுத்து நிறப் பட்டும் தலை நிறையப் பூவுமாக, பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள் ஜெயலக்ஷ்மி. பக்கத்தில் ஸ்நேஹா அம்மாவின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். ஜெயலக்ஷ்மி அடங்குவதாக இல்லை. வாயைக் குவித்து இன்னொரு தடவையும் போட்டாள், பாலம் முழுக்கக் கேட்கும்படி.

முன்னும் பின்னும் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. கபீர் நகரவில்லை. நடுரோட்டில், திறந்த வாய் திறந்தபடியே, தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.