ஜப்பான் காருக்கு ஒரு போடிமெட்டுக் கல்

ஜப்பானில் தறி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பம் கார் செய்யத் தொடங்கிய வரலாறு முதல் கையேட்டின் கடைசிப் பக்கம் வரை படித்த பிறகே, ஓய்வுபெற்றதும் அவர்கள் கம்பெனியின் ஹைபிரிட் காரை வாங்கினேன். பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும். குறை சொல்ல எதுவும் இல்லை.

சென்ற மாதம் மனைவியுடன் போடிமெட்டு மலைச்சாலையில் ஏறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே எஸ்டேட் ஆட்களோடு வந்த ஜீப்புக்கு வழிவிட்டு நின்றதும் இன்ஜின் சத்தம் அடங்கிவிட்டது. ஜீப் போன பிறகும் மௌனம்தான். வண்டி நின்றுபோனது என்று முடிவு செய்து, பானெட்டைத் திறந்து பார்க்கக் கிளம்பினேன்.

"கல்லு வைக்காம எறங்காதீங்க," என்றாள் எஸ்டேட்டில் வளர்ந்த என் மனைவி.

"இது என்ன லோடு ஜீப்பா? ஜப்பான்காரனுக்குத் தெரியாததா?"

"ஜப்பான்காரனா வந்து பிடிக்கப் போறான்? சும்மா இருங்க."

அவளே இறங்கி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினேன். கார் கீச்கீச்சென்று கத்தியது. ஓடாத வண்டி எதற்குக் கத்துகிறது? கதவுக்கா, பெல்ட்டுக்கா? குழம்பி நிற்கும்போதே கார் அவளோடு பள்ளத்தை நோக்கிப் பின்னால் நகர்ந்து, கல்லில் முட்டி நின்றது. வண்டி அணையவே இல்லை. பேட்டரிக்கு மாறியிருந்தது, கியர் ஓட்டும் நிலையிலேயே கிடந்தது.

"வெரசா ஏறுங்க. பொஸ்தகத்த வீட்டுல போயிப் படிச்சுக்கலாம்," என்றாள்.

இப்போதெல்லாம் சத்தத்தை நம்புவதில்லை. பார்க்கிங் கியர் போட்டு, பொத்தானை அழுத்தி வண்டியை அணைத்த பிறகே இறங்குகிறேன். கார் எப்படி என்று கேட்பவர்களுக்குத் தறியிலிருந்து வரலாற்றைச் சொல்லி முடித்து, டிக்கியைத் திறந்து காட்டுகிறேன். அந்தக் கல் அங்கேதான் இருக்கிறது.

– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்