நான் பேசியதில் பாதி

என் குரலை வைத்தே என் அக்காவை ஏமாற்றினான் என் தம்பி. இதை மென்று விழுங்கி நாகரிகமாகச் சொல்ல எனக்கு வராது.

அட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். அக்கா டயகமவில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் ஊசி போடத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் அவளுடைய தோட்டத்துப் பெண்களுக்கு இந்த நோயைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் படம் பிடிக்கச் சொல்லித் தம்பியை மண்டபத்தில் நிறுத்தியதும் நான்தான்.

அன்று நன்றாகத்தான் பேசினேன். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டீ.என்.ஏ. இருக்கிறது, கலம் கண்டபடி பெருகாமல் பிடித்து நிறுத்தும் பகுதிகளும் அதில் உண்டு என்றேன். புற்றுநோய்க் கலத்தில் அந்தப் பகுதிகள் சிலவற்றின் மேல் சின்னச் சின்ன மூடிகள் ஏறிவிடும். பச்சைக் கொழுந்தில் இருக்கும் ஒரு பொருளை, கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூடிகள் சில கழன்று, அடங்கிக் கிடந்த பகுதிகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. இதைச் சொன்னதும் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தினமும் கிள்ளிப்போடும் இலைக்கு இவ்வளவு மகிமையா என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

பிறகு முக்கியமானதைச் சொன்னேன். தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்காது. குடித்தால் இரத்தத்தில் போய்ச் சேருவது கொஞ்சம்தான். இதை நம்பி ஆஸ்பத்திரி மருந்தை விட்டுவிடாதீர்கள் என்று மூன்று தரம் சொன்னேன்.

தம்பி நல்லதண்ணியில் மலை யாத்திரை சீசனுக்குக் கடை போடுபவன். நாலு மாதம் கழித்து, என் மாணவி ஒருத்தியின் அம்மா வந்து கொழுந்துப் பொடி ஒரு பைக்கட் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர் காட்டிய வீடியோவில் நான் பேசிக்கொண்டிருந்தேன். 'வேலை செய்யத் தொடங்கின' என்பதோடு என்னை நறுக்கிவிட்டு, தன் பொடிப் பைக்கட்டைக் காட்டியிருந்தான் தம்பி.

போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பதறவே இல்லை.

"நீங்க சொல்லாத வார்த்தை ஒண்ணாச்சும் அதுல இருக்கா, சின்னக்கா?"

இல்லைதான். அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த பஸ்ஸிலேயே டயகமவுக்கு ஓடினேன். போனில் கேட்கும்போதெல்லாம் கிளினிக் போய் வந்ததாகத்தான் அக்கா சொல்லியிருந்தாள். கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். நாலு மாதமாக அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அடுப்படியில் தம்பியின் பொடி பாதி டப்பா இருந்தது. இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது, இனி வலியைக் குறைக்கத்தான் மருந்து கொடுக்கலாம் என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தம்பியைச் சபித்தேன். பாதியைக் காட்டி உன்னை ஏமாற்றிவிட்டானே என்று அழுதேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் என்னைய ஏமாத்தல. அன்னைக்கி நான்தான் முன்னுக்கே உக்காந்திருந்தேனே. நீ கடைசியா சொன்னதையும் கேட்டேன்தான்."

பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"ஊசி போட்டுட்டு வந்தா நாலு நாளைக்கு எந்திரிக்க ஏலாது. சுடுதண்ணி வச்சுக் குடுக்கக்கூட ஆளில்ல. அந்த வீடியோவுல நீ பேசுறப்போ, எனக்கு நல்லாயிரும்னு நீயே பக்கத்துல இருந்து சொல்ற மாதிரி இருந்துச்சு. அதத்தான் போட்டுப் போட்டுக் கேட்டேன்."

அவளுக்கு ஊசி தொடங்கிய பிறகு, இந்தத் தடவைக்கு முன், நான் டயகமவுக்குப் போனது ஒரே ஒரு நாள்தான். அதுவும் மண்டபத்தில் பேசுவதற்காக. பேசி முடித்து, அவள் குடியிருக்கும் லயத்து வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.