உறுமாத நாய்

எங்கள் நாயை உறுமாமல் இருக்கப் பழக்கியவள் நான்தான். அதை எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன்! இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தண்டையார்பேட்டையில் எங்களுடையது லைன் வீடு. ஆறு குடித்தனம், நடுவில் ஒரே நடை, கோடியில் அடிபம்பு. கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் லாரிக்கு அடியிலிருந்து தூக்கிவந்த குட்டி அது. வளர்ந்தபின் ஒரே ஒரு குணம். சாப்பிடும்போது யாராவது கிட்டே போனால் தொண்டைக்குள்ளேயே உறுமும். எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஐந்து வயது. உறுமல் கேட்டதும், "ஐயோ, சாருக்குக் கோவம்!" என்று சிரித்தபடி பின்னால் போய்விடுவாள். அது பாட்டுக்குத் தின்னும்.

ஓனரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, நாய் உறுமிகினே கீது? பசங்க நடக்கிற எடம். இன்னொரு தபா காதுல வுழுந்துச்சு, வூட்ட காலி பண்ணிகினு போயினே இரு."

நாயோடு போனால் இந்தப் பக்கத்தில் வேறு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. பயத்தில் துடைப்பத்தை எடுத்தேன். தட்டை வைப்பேன், கிட்டே போவேன், உறுமினால் முதுகில் ஒன்று. "மூச்சு விடக் கூடாது!" மூன்று வாரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. கோபம் அடங்கவில்லை என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அந்தக் குழந்தையின் பந்து நாயின் தட்டருகே உருண்டு போனது. எடுக்கக் குனிந்தாள். நாய் சத்தமே போடாமல் அவள் கன்னத்தைக் கவ்விவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஏழு தையல் போட்டார்கள். முகமெல்லாம் கட்டோடு அவள் என்னைப் பார்த்து, "அது ஒண்ணுமே சொல்லல ஆன்ட்டி. சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்ல?" என்றாள். அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நாய் போயாக வேண்டும் என்று ஓனரம்மா சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலையில், அத்திப்பட்டில் மாடு வைத்திருக்கும் ஒருவர் அதை அழைத்துப்போகச் சங்கிலியோடு வந்தார். தடவிக் கொடுத்தார். அவருக்குப் பிடித்துப்போனது.

"நம்ம வூட்லயும் வாண்டுங்க கீதுங்கம்மா. துன்ற நேரத்துல கிட்ட போனா உறுமுமா? உறுமுனா பசங்க நவுந்துக்கும்."

உறுமும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு ஒரு வீடு கிடைத்துவிடும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தக் கட்டுப்போட்ட முகம் விடவில்லை.

"உறுமாதுண்ணா. நான்தான் அடிச்சு அடிச்சு நிறுத்திட்டேன். உறுமாமலே கடிக்கும்."

அவர் சங்கிலியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "பாவம்மா அது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

சோற்றில் மீனைப் பிசைந்து அவசரமாக அதன்முன் வைத்தேன். அது வாய் வைத்ததும், கடித்தாலும் கடிக்கட்டும் என்று தட்டில் கையை விட்டேன். "உறுமுடா கண்ணு. ஒரே ஒருவாட்டி உறுமுடா. அவர் இன்னும் தெருமுனைகூடத் தாண்டல, ஓடிப்போய்க் கூப்பிடறேன்" என்று கெஞ்சினேன்.

அது சோற்றை விட்டுவிட்டுச் சுவரோரம் போனது. அடி விழ வாகாக முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் என் வீட்டுக்காரர் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தனியாகத் திரும்பி வந்தார். எங்கே விட்டார் என்று கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.