பொரிப் பொட்டலத்தில் வந்த உருவம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு, மாசி மாதம். புளி உலுக்கி முடிந்து, சந்தை களைகட்டியிருந்த நாள். மங்கம்மாளின் கூடையும் நிறைந்திருந்தது, மனமும் நிறைந்திருந்தது.

நெல்லிவாசல்நாட்டு மலையூர்களில் புளி உலுக்காத வீடே இல்லை. ஆயினும் கோதும் நாரும் கொட்டையும் ஒரு துணுக்குக்கூடத் தங்காமல், சுளை சிதையாமல் எடுத்துத் தருவதற்கு மங்கம்மாளை விட்டால் ஆள் இல்லை என்று திருப்பத்தூரிலிருந்து ஜீப்பேறி வரும் வியாபாரிகளே ஒப்புக்கொள்வார்கள். "மங்கம்மா கைப் புளி இருக்குதா?" என்று கேட்டு வாங்கியவர்கள் உண்டு. அந்தக் கைகள்தாம் குடும்பத்தின் சொத்து. கணவன் அர்ச்சுனனுக்கு இருந்த மேட்டு நிலத்துச் சாமை, வீட்டு உலைக்கே காணாது.

கடை விரிப்பதற்கு முன் வாயில் போட்டுக்கொள்ள ஏதேனும் வேண்டுமென்று, பொரி வியாபாரி கண்ணாயிரத்திடம் ஒரு பொட்டலம் வாங்கினாள். இரண்டு பிடி தின்றிருப்பாள். பொரி குறையக் குறையப் பொட்டலத்தின் உட்புறத்தில் ஒரு தலை தெரிந்தது. பிறகு தோள், பிறகு இடுப்பு. கண்ணும் மூக்கும் இல்லாத, துணியும் இல்லாத ஒரு மனித உருவம் வெறுங்கோடாக நின்றது. அதன் முழங்காலருகே சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம்.

மங்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த உருவத்தைத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கோபால்சாமி என்னும் சுகாதார ஊழியர் மலையேறி வந்து, வீடு வீடாகத் தேமல் பார்த்தார். அவளுடைய இடத் தோள்பட்டைக்குக் கீழே இருந்த வெளிறிய தேமலைக் கோழியிறகால் வருடினார். வருடுவது அவளுக்குத் தெரியவே இல்லை. தொழுநோயின் தொடக்கம்தான், மாத்திரை தின்றால் போய்விடும் என்று சொல்லி, இதைப் போன்ற ஒரு தாளில் இருந்த உருவத்தின் முதுகில் பிறைபோல் சிவப்பாகக் குறியிட்டார். அன்று அவள் அவரைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இத்த இன்னும் யாரு சார் பார்ப்பாங்க?"

"நான் பார்ப்பேன், சர்க்காரு பார்க்கும். பீரோவுல வெச்சுப் பூட்டிடுவோம்மா. பயப்படாதீங்க."

அவள் பயப்படவில்லை. மாத்திரையை முறை தவறாமல் தின்றாள். தேமல் மறைந்தது. உணர்ச்சி திரும்பியது. இனி மருந்து வேண்டா என்று கோபால்சாமியே சொல்லிவிட்டார். அர்ச்சுனனைத் தவிர ஊரில் ஒரு குருவிக்கும் இந்தச் செய்தி தெரியாது. பூட்டிய பீரோவில் பத்திரமாக இருக்கிறதென்று அவள் நம்பியிருந்தது, இப்போது பொரியைச் சுமந்துகொண்டு சந்தையைச் சுற்றி வருகிறது.

சந்தையில் அதற்குள் சிரிப்பு மூண்டிருந்தது. பொரி வாங்கியவர்களெல்லாரும் பொட்டலத்தைப் பிரித்து, "எங்க காயிதத்துலயும் அம்மணமா ஒருத்தன் நிக்கிறான்" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைத் தங்கவேலுக்குப் படிக்கத் தெரியும். யாரோ ஒரு தாளை அவரிடம் நீட்ட, அவரும் விளையாட்டாகவே உரக்கப் படிக்கத் தொடங்கினார். முதலில் ஒரு பெயர் வந்தது: சின்னதம்பி. அடுத்து ஊர் வந்தது. அதற்கடுத்து வந்த சொல்லைப் பாதியிலேயே விழுங்கினார். ஆனால், விழுங்கிய பாதியைக் கேட்டவர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

அந்தச் சின்னதம்பி அங்கேயேதான் இருந்தான். ஓர் ஆட்டுக் கிடாயை விலை பேசி, கயிற்றை வாங்குபவரின் கையில் அப்போதுதான் கொடுத்திருந்தான். வாங்கியவர் கயிற்றைத் தரையில் நழுவவிட்டு, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். சிரித்தவர்கள் பொட்டலங்களைக் கீழே போட்டார்கள். தரையெல்லாம் பொரி வெளுத்தது. சின்னதம்பி கயிற்றை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் சந்தையை விட்டு வெளியேறினான்.

மங்கம்மாள் தன் கூடையைப் பார்த்தாள். நாளை இந்தப் புளிக்கும் இதுவே கதி. இவள் கைபட்ட புளியைக் குழம்பில் கரைக்க எவளுக்கு மனம் வரும்?

நேரே கண்ணாயிரத்தின் கடைக்கு ஓடினாள். டீக்கடைப் பக்கம் நடந்தது அவருக்கு இன்னும் எட்டவில்லை. தராசுக்குப் பின்னால் ஒரு கல்லின் அடியில் தாள்கட்டு இருந்தது.

"கண்ணாயிரண்ணே, அந்தக் கட்ட எனக்குக் குடு."

"இன்னாத்துக்கு? அடுப்பு எரிக்கவா?"

"எதுக்கோ. கூடைப் புளி அத்தனையும் எடுத்துக்கோ."

கண்ணாயிரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எடைக்கு வாங்கியாந்த பழைய காயிதம் மங்கம்மா. அதுக்கு உங்கைப் புளியா? வெயிலு தலைக்கு ஏறிடுச்சா? நாளைக்கு வந்து அழுவக் கூடாது, சொல்லிட்டேன்."

அவள் புளியை அவருடைய சாக்கில் கவிழ்த்தாள். தாள்கட்டைக் கூடையில் வைத்து, முந்தானையால் மூடித் தலையில் ஏற்றிக்கொண்டாள். வழியெங்கும் ஓட்டமும் நடையுமாகவே வந்தாள். எதிரே வந்தவர்கள் புளி என்ன விலை போயிற்று என்று கேட்டபோது, நல்ல விலை என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள்.

வீட்டுக் கதவைச் சாத்தி, கூரை இடுக்கில் விழுந்த வெயிலில் தாள்களை ஒவ்வொன்றாகப் பரப்பினார்கள் அவளும் அர்ச்சுனனும். எத்தனை உருவங்கள். ஒன்றுக்குக் கன்னத்தில் சிவப்பு, ஒன்றுக்குத் தொடையில், ஒன்றுக்கு விரல் நுனிகளில். தோள்பட்டைக்குக் கீழே பிறைபோல் ஒரு குறி வேண்டும். அதை மட்டும் காணோம். திரும்பவும் பார்த்தார்கள். அவளுடைய தாள் கட்டில் இல்லை. எந்த ஊரில், எவர் வீட்டில், எந்தப் பொரியோடு போயிற்றோ.

"எல்லாத்தியும் எரிச்சிடலாமா?" என்றான் அர்ச்சுனன்.

"எரிக்க நாம யாரு? நம்ம ஆடு காணாமப் போச்சுன்னு அடுத்தவன் பட்டிய எரிப்பியா?" என்றாள் மங்கம்மாள்.

அதன்பின் வந்த நாள்களில் ஊர் கொதித்தது. யார் யார் மாத்திரை தின்றார்கள், எவர் வீட்டில் கோபால்சாமி அதிக நேரம் உட்கார்ந்தார் என்பதே எங்கும் பேச்சாயிற்று. கேழ்வரகுக் கொல்லையில் நின்றபடி கணவனைச் சந்தேகித்த மனைவியும் உண்டு. பேசி முடித்த பெண்ணை வேண்டாவென்று சொல்லியனுப்பிய வீடும் உண்டு. ஊற்றடியில் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளின் வாய்தான் பெரிய வாயாக இருந்தது. மாத்திரை தின்றவர்கள் குடத்தைத் தனியாக வைக்க வேண்டும், முதலில் தாமே வந்து சொல்லிவிட வேண்டும் என்று நாள்தோறும் சட்டம் போட்டாள். மங்கம்மாள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

இந்த நிலையில்தான் கோபால்சாமி மலையேறி வந்தார். அடிவாரத்திலேயே செய்தி தெரிந்தும் வந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஊர் எல்லையில் அவரை மறித்த கூட்டம், கையைப் பிடிக்காத குறையாக அழைத்துச் சென்று மாரியம்மன் கோயிலின் முன்னே நிறுத்தியது. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள்கள் வந்து குவிந்தார்கள். ஊர்க்கவுண்டர் கருப்பன் பலகைக்கல்லில் அமர்ந்தார்.

கோபால்சாமி நடந்ததை மறைக்கவில்லை. அலுவலகத்துக்கு வெள்ளையடித்தார்கள், மருந்து முடிந்தவர்களின் தாள்கள் இனி எதற்கென்று, அவர் இல்லாத நாளில் யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். பீரோவைத் திறந்தவர் தாம் அல்லர் என்று கைகூப்பினார்.

கருப்பன் மெல்லத் தலையசைத்தார். "மாட்ட மேய்க்கக் குடுத்தா, புலி அடிச்சிச்சோ, பள்ளத்துல வுழுந்துச்சோ, அது எங்களுக்கு வேணாங்க. கயிறு வாங்கின கைதான் பதில் சொல்லணும். எங்க சங்கதியக் கையில வாங்கினது நீங்க."

கூட்டம் ஆமாம் போட்டது. ஆனால் கவுண்டர் கையை உயர்த்தினார்.

"இன்னொண்ணும் இருக்குது. தொலைஞ்சது யாரு பொருளு? உடையவங்க எழுந்து நின்னு கேட்டாத்தான் பிராது. ஊரு பேசுது, சந்தை பேசுதுன்னு நான் தீர்ப்பு சொல்ல முடியாது."

அவ்வளவுதான். அத்தனை பேர் வாயும் அடைத்துப்போயிற்று. கேட்பவர் யாரோ அவரே நோயாளி என்று ஆகிவிடும். பொருளைப் பறிகொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை. மங்கம்மாள் கோபால்சாமியைப் பார்த்தாள். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தவறிப்போய் யார் பக்கமாவது பார்வை திரும்பினால் அதுவே காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று, இமையைக்கூட உயர்த்தாமல் நின்றார். வேலிக்கு அப்பால், கூட்டத்தில் சேராமல், சின்னதம்பி தனியாக நின்றான்.

இன்று யாரும் கேட்காவிட்டால் நாளை வேறொரு பீரோ காலியாகும். மங்கம்மாள் எழுந்தாள். பின்னாலிருந்து அர்ச்சுனன் முந்தானையைப் பற்றினான். "புளி, மங்கம்மா, புளி" என்று மட்டும் முணுமுணுத்தான். அவள் முந்தானையை விடுவித்துக்கொண்டாள்.

"என்னுது தொலைஞ்சுது கவுண்டரே" என்றாள். "என் முதுகுல தேமல் இருந்துச்சி. சர்க்காரு கையில குடுத்தேன். இப்ப அது எந்த வூட்டுப் பரணையில கெடக்குதோ."

அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்தார்கள். களத்தின் நடுவே மரக்கால் வைத்தாற்போல் அவள் மட்டும் தனித்து நின்றாள். அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது.

"வந்த வியாதிய நான் மருந்து தின்னு தொலைச்சேன். தொலைச்சத்த எடுத்தாந்து, பொரிய மடிச்சி, ஊருக்கெல்லாம் குடுத்தது யாரு? அத்தக் கேக்குறேன்."

பிறகு வேலியைத் தாண்டிக்கொண்டு சின்னதம்பி வந்தான். அவளருகே வந்து, "என்னுதும் தொலைஞ்சுது" என்று சொல்லி உட்கார்ந்தான். கோபால்சாமி அப்போதுதான் தலைநிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

கருப்பன் தீர்ப்புச் சொன்னார். பொருளைத் தொலைத்தவர் வெற்றிலை பாக்கு வைத்து, சபையின் முன் குனிந்து வணங்க வேண்டும். தொலைத்தது சர்க்கார் அல்லவா என்று யாரோ முனகினார்கள்.

"சர்க்காருக்குத் தலை எங்க இருக்குது, குனிய? இருக்கிற தலை இதுதான்" என்றார் கவுண்டர்.

கோபால்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு, வெற்றிலையை வைத்து, மண்ணைத் தொட்டு வணங்கினார். பேண்ட் போட்ட ஒருவர் தங்கள் சபையின் முன் குனிந்ததை அந்த மலை அதுவரை கண்டதில்லை. கூட்டத்துக்குள் மகிழ்ச்சியா, வியப்பா என்று சொல்ல முடியாத ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது.

மங்கம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய்த் தாள்கட்டைக் கொண்டுவந்தாள். எட்டிப் பார்க்க முண்டியவர்களிடமிருந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டி வைக்கிறேன் என்று கோபால்சாமி கை நீட்டினார். கருப்பன் தடுத்தார். ஒருமுறை மாட்டைத் தொலைத்தவன் கையில் மறுமுறை கயிறு கொடுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை என்றார். அவரவர் தாள் அவரவர் வீட்டில் இருக்கட்டும், மருந்து கொடுக்கவோ தேமல் பார்க்கவோ வரும்போது வாங்கிப் பார்த்து, எழுதிவிட்டுக் கொடுங்கள் என்றார்.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் யாரிடம் கொடுத்தாலும் ஊர் பார்க்குமே. அதற்கும் மங்கம்மாள்தான் வழி சொன்னாள்.

"எல்லா வூட்டுக்கும் போங்க சார். இருக்கிறவங்களுக்கு அவங்கவங்க காயிதம். இல்லாதவங்களுக்கு வெறுங்காயிதம். எல்லாத்தியும் ஒண்ணு போல மடிச்சித் தெச்சிக் குடுங்க."

கல்யாணத்துக்கு அழைப்பவரைப்போலக் கோபால்சாமி ஊர் ஊராகச் சென்று, ஒரு வீட்டையும் விடாமல் ஏறி இறங்கினார். கவுண்டர் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார். அது எழுதிய தாளா, வெற்றுத் தாளா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதன்பின் அவர் அந்த ஊர்களில் எழுதிய தாள் ஒன்றும் மலையிறங்கவில்லை. எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே இறங்கியது. விதைச் சாமை வைக்கும் மூங்கில் குழாய்களில் தாள்கள் உறங்கின.

சபை கூடிய அன்று மாலை ஊற்றடியில் செல்லியம்மாள் குடத்தை வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"அண்ணி, நீ அந்தக் கட்டப் பிரிச்சிப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அதுல..." என்று தொடங்கியவள் தன் குடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மங்கம்மாள் அவளுடைய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியுமாடி? எல்லா உருவமும் ஒண்ணு போலத்தான் நின்னுச்சி" என்றாள். அதன்பின் செல்லியம்மாள் குடங்களைப் பற்றிச் சட்டம் போடவே இல்லை.

அடுத்த சந்தைக்கு மங்கம்மாள் புளி கொண்டு போனாள். போகாதே என்று அர்ச்சுனன் சொல்லவில்லை, கூடையைத் தூக்கிவிட்டான். வழக்கமாக நிற்பவர்கள் நிற்கவில்லை. சிலர் கூடையைப் பார்த்தார்கள், பிறகு கையைப் பார்த்தார்கள், பிறகு விலகினார்கள். வெயில் உச்சிக்கு ஏறியும் கூடை குறையவில்லை. அப்போது தராசோடு கண்ணாயிரம் வந்தார்.

"போன வாரத்துப் புளிய டவுன்ல பிச்சிக்கினு போனாங்க. இன்னும் கேக்குறாங்க. ஆமா, ஏன் ஈயோட்டிக்கினு குந்தினுகீற?"

யாரிடமிருந்தோ தெரிந்துகொள்வதைவிடத் தானே சொல்வது மேல் என்று, அவள் தேமலையும் மாத்திரையையும் தாளையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். கண்ணாயிரம் தாடையைத் தடவிக்கொண்டார். தம் கடையிலிருந்துதானே எல்லாம் பறந்தது என்று நினைத்தாரோ என்னவோ.

"மருந்து முடிஞ்சு போச்சா?"

"எப்பவோ முடிஞ்சுது."

"அப்பறம் இன்னா?" என்று தராசைத் தூக்கினார். ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுச் சப்பினார்; அதைப் பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்துக்காகச் சற்று நேரம் கூடுதலாகவே சப்பினார். கூடை முழுவதும் போகவில்லை, பாதிதான் போயிற்று. பாதி போயிற்றே என்று மங்கம்மாள் மூச்சு விட்டாள்.

கிளம்பும்போது அவர் ஒரு பிடி பொரியை மடித்துக் கையில் கொடுத்தார். இப்போது மந்தாரையிலையில்தான் மடிக்கிறார். எழுத்திருக்கும் காகிதத்தில் கொடுத்தால் மலைக்காரர்கள் ஒருவரும் வாங்குவதில்லையாம். மங்கம்மாள் நடந்துகொண்டே பொரியைத் தின்று முடித்தாள். முடித்த பிறகு, இலையை விரித்து இரு புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, வழியில் மேய்ந்துகொண்டிருந்த சின்னதம்பியின் கிடாய்க்குப் போட்டாள்.